துவைக்காத கைலி

எங்கள் எலிகளுக்குப் பெயர் கிடையாது. காதில் ஓட்டை மட்டும் உண்டு. எந்தக் காதில், எந்த இடத்தில் என்பதை வைத்து இது இன்ன எலி என்று சொல்லிவிடுவோம். சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தீனி போட வேண்டும், கூண்டு மாற்ற வேண்டும், சோதனை நாளில் எலியைத் தூக்கிவந்து வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். யாராவது விசாரித்தால் ஆஸ்பத்திரி மாதிரி ஓரிடம் என்று சொல்லிவிடுவேன். எலி என்று சொன்னதும் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை போதாது.

சோதனைப் பெட்டி ஒரு சப்பாத்துப் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அதில் ஓர் எலி இருக்கும். அதற்கு முன்பின் தெரியாத இன்னொன்றை உள்ளே விடுவோம். இருந்த எலி வந்த எலியைச் சுற்றிச் சுற்றி வந்து மூக்கு, காது, வாலடி என்று விடாமல் முகரும். பிறகு இரண்டையும் பிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதே எலியைத் திரும்பக் கொண்டுவந்து விடுவோம். இந்தத் தடவை எவ்வளவு முகர்கிறது என்பதை மேலே மாட்டியிருக்கும் கேமரா பார்த்துக்கொள்ளும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், திரும்ப வந்த எலியை ஓர் எலி விடாமல் முகர்ந்துகொண்டே இருந்தது. பாசக்கார எலி என்று என் மேலதிகாரியிடம் சொன்னேன். அவரை டாக்டர் என்போம். மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, மூளையை ஆராய்கிறவர், நல்ல மனுஷி. அவர் சிரித்துவிட்டு, அது பாசமில்லை, மறதி என்றார். நினைவு இருக்கிற எலி ஒரு தடவை மூக்கைக் கொண்டுபோய்விட்டுத் தன் பாட்டைப் பார்க்கப் போய்விடும். தெரிந்தவரிடம் முகர என்ன இருக்கிறது? முகர்ந்துகொண்டே இருந்தால், இது யாரென்று அதற்குத் தெரியவில்லை என்று பொருள்.

மூளைக்குள் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி. போன வழி, இருந்த இடம், நேற்று நடந்தது எல்லாம் அதைக்கொண்டுதான் நினைவில் நிற்கிறது என்பார்கள். அதற்குள் சிஏ2 என்று ஒரு சின்னத் துண்டு. மற்ற எலிகளை இன்னார் இன்னார் என்று நினைவில் வைக்க அந்தத் துண்டு வேண்டும். அதை மட்டும் அடக்கிவைத்த எலிகளும் எங்களிடம் உண்டு. அவை வழியை மறப்பதில்லை. மூக்கிலும் கோளாறு கிடையாது. கூடவே கிடந்த எலியை மட்டும் தெரியாது. ஒவ்வொரு சந்திப்பும் அவற்றுக்கு முதல் சந்திப்பு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அவ்வளவு ஆர்வமாக வரவேற்கும். எல்லாம் முடிந்த பிறகு அவற்றைக் கடைசி அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நானே. மூளையை எடுத்து மெல்லிய சீவல்களாக்கிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். ஆரம்பத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு இறங்கியது.

எலிக்கு உலகம் மூக்கு வழியாகத்தான் வருகிறது. அதனால் எங்களுக்குச் சென்ட் கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, பூ கூடவே கூடாது. வாசமில்லாத சோப்பை அவர்களே கொடுத்தார்கள். சில மாதங்களில் எனக்கென்று ஒரு வாசமே இல்லாமல் போய்விட்டது. ஒருமுறை என் தலையைத் தடவிக்கொடுத்த அண்ணி குனிந்து முகர்ந்துவிட்டு, "என்னம்மா நீ, புது பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்க?" என்றார்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. அவர்கள் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள லாபிஸில். அண்ணனுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. அவர்களுடைய இரண்டு பையன்களும் வளர்ந்து கோலாலம்பூருக்குப் போய்விட்டார்கள். எனக்கு மகள் பிறந்தபோது என் கணவர் கூட இல்லை. அவர் எங்கே போனார், யாரோடு போனார் என்றெல்லாம் எழுதி அவரைப் பெரிய ஆளாக்க எனக்கு விருப்பமில்லை. பிரசவ விடுப்பு முடிந்ததும் குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். வார நாளெல்லாம் சிங்கப்பூரில் வாடகை அறை. ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும் விடுமுறை, சிங்கப்பூரில் சனியும் ஞாயிறும். எங்கள் குடும்பத்துக்குப் பொதுவாக இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு ரயிலேறி லாபிஸ் போவேன்.

மலேசியாவில் எந்த இனத்தார் வீட்டிலும் குழந்தைக்கு ஸ்பிரிங் தொட்டில்தான். தடித்த ஸ்பிரிங்கை மேலே மாட்டி, அதன் கொக்கியில் பூப்போட்ட ஒரு பாத்தேக் கைலியைத் தொங்கவிட்டால் தொட்டில் ஆயிற்று. காலையில் இடுப்பில் இருக்கிற கைலி மதியம் தொட்டிலாகும். எங்கள் கூடத்தில் எலிகளுக்குக் கூண்டு மாற்றும்போது பழைய கூட்டிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்துப் புதியதில் போடுவோம். தன் வாசம் இருந்தால் எலி அலைபாயாமல் அடங்கும். அதை நினைத்துத்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. வாரம் முழுக்க அறையில் நான் கட்டியிருந்த கைலியைத் துவைக்காமல் பைக்குள் திணித்துக் கொண்டுபோய்த் தொட்டிலில் மாட்டினேன். சோப்புக்கு வாசம் இல்லாவிட்டாலும் வியர்வைக்கு இருக்குமே. மகள் அதற்குள் கிடந்து தூங்கினால், அடுத்த சனி வரை என்னை மறக்கமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. அண்ணியிடம் காரணம் சொல்லவில்லை. எலிக்குச் செய்வதைப் பிள்ளைக்குச் செய்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் கைலியில் துணி மென்மையாக்கியின் வாசமும் சாம்பிராணி வாசமும் போட்டிபோட்டுக்கொண்டு வந்தன.

"அலமாக், அழுக்குக் கைலியவா புள்ளைக்கு மாட்டுவ?" என்றார் அண்ணி. "ஊரு விட்டு ஊரு வந்த துணி, அப்படியே போட்டா புள்ளைக்கு ஆகாதும்மா. நல்லா ஊற வச்சி துவைச்சி, சாம்பிராணியும் காட்டிட்டேன்."

முகத்தில் அவ்வளவு பெருமை.  ஒவ்வொரு சனியும் நான் அழுக்குக் கைலியோடு போவேன், நான் ரயிலேறிய கையோடு அண்ணி அதைத் துவைக்கப் போட்டுவிடுவார். பல வாரங்கள் இப்படியே ஓடின. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணி, அத மட்டும் துவைக்காதீங்க. என் வாசன அதுல இருக்கட்டும்."

அண்ணி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "அட, இத மொதல்லயே சொல்லக்கூடாதா? கல்லு மாதிரி இருந்தா எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து துவைக்கமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார்.

அடுத்த வாரம் எல்லை மூடிவிட்டது. நோய்த்தொற்றுக் காலம். இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்தின் இந்தப் பக்கம் இருந்தவர்கள் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தப் பக்கம். நான் சிங்கப்பூர்ப் பக்கம் இருந்தேன். மகளுக்கு அப்போது எட்டு மாதம். துவைக்கமாட்டேன் என்று அண்ணி வாக்குக் கொடுத்த கைலி என் அறையில், என் பைக்குள் கிடந்தது.

இரண்டு வாரத்தில் திறந்துவிடுவார்கள் என்றார்கள். பிறகு தேதி சொல்வதையே விட்டுவிட்டார்கள். சிறப்பு அனுமதி வாங்கிப் போகலாம்தான். போனால் இரண்டு பக்கமும் அடைத்துவைப்பார்கள், திரும்பி வரும்போது வேலை இருக்கும் என்று எழுதிக்கொடுக்க யாரும் தயாரில்லை. அந்தச் சம்பளத்தில்தான் என் மகள் பால் குடித்தாள். இருந்துவிட்டேன்.

தினமும் சாயங்காலம் அண்ணி போனில் முகம் காட்டுவார். "உன்ன ரொம்ப தேடுதும்மா புள்ள. வாசக் கதவையே பாத்துக்கிட்டு இருக்கு" என்பார். திரையில் என் மகள் என்னைப் பார்க்கமாட்டாள், போனின் உறையைப் பிடித்துக் கடிப்பாள். தேடவில்லை என்பது எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். ஆனாலும் ஒருநாள் தவறாமல் சொன்னார், நானும் ஒருநாள் தவறாமல் கேட்டுக்கொண்டேன். மகள் பேச ஆரம்பித்ததும் அண்ணியைத்தான் "ம்மா" என்றாள். "அத்தைடா செல்லம், அத்தை. அம்மா போன்ல இருக்காங்க பாரு" என்று அண்ணி பதறிப்போய்த் திருத்துவார். மகள் ஒரு கணம் திரையைப் பார்த்துவிட்டு மறுபடியும் அவரைப் பார்த்து "ம்மா" என்பாள்.

கூடத்தில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். நான் மட்டும் எலிகளோடு இருப்பேன். ஒற்றையாக ஒரு கூண்டில் வைத்த எலி மற்ற எலியைச் சீக்கிரம் மறந்துவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கூட்டத்தோடு வாழ்ந்தால் அதே நினைவு அதிக நாள் நிற்குமாம். அறையில் நான் ஒற்றை. ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, மகளைத் தூக்கினால் எவ்வளவு கனம் இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். கைக்கு நினைவு வரவில்லை. தலையுச்சியின் வாசம் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். அதுவும் வரவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது வராததைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.

எல்லை திறந்தபோது அவளுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. அண்ணன் ஸ்டேஷனிலிருந்து என்னை அழைத்துப்போனார். வாசலில் அண்ணி, அக்கம்பக்கத்துக்காரர்கள், நடுவில் என் மகள். நான் மண்டியிட்டதும் அவள் நேராக என்னிடம் வந்தாள். என் கன்னத்தைத் தொட்டாள், தோட்டைத் திருகினாள், கையைப் பிடித்து முகர்ந்தாள். மடியில் ஏறி உட்கார்ந்து கண்கொட்டாமல் என் முகத்தையே பார்த்தாள். ஒரு பெண்மணி, "பெத்தவதான்னு எப்படி தெரிஞ்சிக்கிச்சு பாரு!" என்று கண்ணைத் துடைத்தார். அண்ணியும் அழுதார். அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மட்டும் அழவில்லை. அவள் முகர்ந்துகொண்டே இருந்தாள். எனக்குத் தெரியும் அது என்னவென்று. பிறகு மடியிலிருந்து இறங்கி, அண்ணியின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், சுவரில் சாய்வதுபோல அவர் காலில் சாய்ந்து நின்றுகொண்டு மறுபடியும் என்னையே பார்த்தாள். அம்மா யாரென்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஜொகூர் பாருவில் ஒரு வீடு பார்த்துவைத்திருந்தேன். மகளை அழைத்துப்போய் என்னோடு வைத்துக்கொண்டு, தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போய்வருவது என்று திட்டம். அண்ணி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. துணியெல்லாம் மடித்துவைத்தார், எந்தப் போத்தலில் எவ்வளவு பால் என்று சொல்லிக்கொடுத்தார். அப்புறம் சொன்னார்:

"நான் கொஞ்ச நாளைக்கு வரமாட்டேன்மா. போன்லயும் மொகம் காட்ட வேணாம். நான் வந்து போய்க்கிட்டு இருந்தா புள்ள உன்கூட ஒட்டாது."

"அதெல்லாம் வேணாம் அண்ணி."

"நீ சும்மா இரு. ரெண்டு புள்ள வளத்தவ, எனக்குத் தெரியாதா? நீயா கூப்புடு, அப்ப வர்றேன்."

வீட்டுக்குக் கீழேயே ஒரு தாஸ்கா, அதாவது குழந்தைகள் காப்பகம். பாலம் கடக்கிற பெற்றோருக்காகவே வெள்ளனத் திறப்பார்கள். மகள் முதல் சில வாரம் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கவனிக்க ஆரம்பித்தாள். நான் தலை சீவினால் பார்ப்பாள், சமைத்தால் பின்னாலேயே வந்து நின்று பார்ப்பாள். தாஸ்காவுக்கு நான் போனால் ஓடிவந்து மேலிருந்து கீழே அளப்பாள். ஆசிரியை, "உங்க மேல உயிரு" என்பார். ஒருநாள் பசியாறிக்கொண்டிருக்கும்போது, ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மரியாதையாகக் கேட்டாள்.

"நீங்க எப்ப ஒங்க வீட்டுக்குப் போவீங்க?"

"இதான் என் வீடு."

"அப்ப எங்க வீடு?"

ரொட்டியைச் சாப்பிடச் சொன்னேன். நேரமாகிவிட்டது, பாலத்தில் ஜாம் பிடித்துவிடும் என்றேன்.

அந்த ஆண்டின் பாதி இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் நான் தாஸ்காவின் கதவைத் திறந்தேன். உள்ளே இருந்த எல்லாக் குழந்தைகளும் திரும்பிப் பார்த்தன, அவளைத் தவிர. அவள் தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே, "பை அங்க இருக்கு" என்றாள். மறுபடியும் கட்டையை அடுக்கினாள். நான் சப்பாத்துகள் வைக்கிற பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆசிரியை ஓடிவந்து தலைசுற்றலா என்று விசாரித்தார். சந்தோஷம்தான். வெகுநாளாகப் பார்க்காததால் அதை இன்னதென்று அறிய எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. பெற்ற பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை என்று இவ்வளவு மகிழ்ந்த ஒருத்தி அந்தத் தாமான் குடியிருப்பில் நானாகத்தான் இருப்பேன்.

இன்னும் சில மாதங்கள் விட்டுப்பார்த்தேன். அது நிலைத்துவிட்டது. நான் வந்தால் அவள் பார்ப்பதில்லை, கூப்பிட்டால் காதில் வாங்குவதில்லை, பசித்தால் மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். ஆண்டுக் கடைசியில் அண்ணிக்குப் போன் போட்டேன்.

"வாங்க அண்ணி. இப்ப வரலாம்."

அன்று மாலையே ரயிலேற இருந்தவரை அண்ணன்தான் நிறுத்தி மறுநாள் அனுப்பினார். நானும் மகளும் ஸ்டேஷனுக்குப் போனோம். அண்ணி இரண்டு கையிலும் பையோடு இறங்கி, பைகளைக் கீழே போட்டுவிட்டுக் கையை விரித்தார். மகள் நேராக அவரிடம் போனாள். கன்னத்தைத் தொட்டாள். வளையலை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கையைப் பிடித்து முகர்ந்தாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாத்தியாம்மா!" என்றார் அண்ணி. கண்ணெல்லாம் தண்ணீர். "மறக்கவே இல்ல. என்னையே பாக்குது பாரு!"

"ஆமா அண்ணி" என்றேன்.

வீட்டில் அண்ணி எங்கே போனாலும் மகள் பின்னாலேயே போனாள். குளியலறை வாசலில்கூடக் காத்திருந்தாள். நான் குறுக்கே போனால் தள்ளிவிட்டுப் போனாள். எலியிடம் பார்த்ததை மனிதரிடம் தேடக்கூடாது, மனித மூளை வேறு சங்கதி என்று டாக்டர் எத்தனையோ தடவை எச்சரித்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டேன். குழந்தைக்குப் பழசு லேசாக நினைவு இருக்கலாம், ஆசையாகவும் இருக்கலாம், யார் கண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் பசியாறும்போது மகள் அண்ணியிடம் கேட்டாள்.

"நீங்க எப்ப ஒங்க வீட்டுக்குப் போவீங்க?"

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாளைக்குப் போறேன்டா செல்லம். ஏன், அத்தைய விட மனசில்லையா?" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அணைப்புக்குள் அவள் விறைப்பாக நின்றபடி, அண்ணியின் ரவிக்கைத் தோளை முகர்ந்தாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். நான் வேண்டியது கிடைத்துவிட்டது. அது ஒருவரிடமிருந்து எடுத்துத்தான் எனக்குக் கிடைத்தது. வலித்தது. அவ்வளவு காலம் எதுவுமே தோன்றாமல் இருந்துவிட்டு இப்போது வந்து வலித்தது.

மறுநாள் அண்ணி கிளம்பும்போது, வீட்டில் கட்டியிருந்த கைலியை அவிழ்த்து மடித்து வாளியில் போடப் போனார்.

"அண்ணி, அத இங்கயே வச்சிட்டுப் போங்க."

"இருலா, துவைச்சிக் காயப்போட்டுட்டு..."

"வேணாம் அண்ணி. துவைக்காதீங்க."

"ரெண்டு நாளா கட்டுன கைலிமா. எண்ணெயும் வேர்வையுமா நாறும்."

"நாறட்டும்."

அண்ணிக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. கையிலிருந்த கைலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கல்லு மாதிரி இருந்துக்கிட்டு இதெல்லாம் மட்டும் கேப்ப" என்று சொல்லி அதை என் கையில் கொடுத்தார். அவரை ரயிலேற்றிவிட்டு வந்ததும் அதை மகளின் மெத்தையில் விரித்தேன்.

சாயங்காலம் லாபிஸிலிருந்து போன் வந்தது. வந்து சேர்ந்துவிட்டேன் என்றார் அண்ணி. அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார், வழியில் நல்ல மழை என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"புள்ள என்ன தேடுச்சாம்மா?"

மகள் மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். கைலியின் ஓரத்தைச் சுருட்டி மூக்கில் வைத்துக்கொண்டு முகர்ந்துகொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் முகர்ந்தாள், விடவே இல்லை. எங்கள் கூடத்தில் அதற்கு ஒரே பொருள்தான்.

"ரொம்ப தேடுது அண்ணி" என்றேன். "வாசக் கதவையே பாத்துக்கிட்டு இருக்கு."

 அந்தப் பக்கம் அண்ணி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.